கைச்சாடை தெரியாதவள்

"தெய்வா, சத்தம் போடாத! நீ கத்துற கத்துக்குக் கொக்கு மட்டுமில்ல, அக்கரையில மேயற எருமையும் எந்திரிச்சு ஓடிரும்."

கயாக் படகின் முன் இருக்கையில் கேமராவோடு உட்கார்ந்திருந்த குமரகுரு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார். பின்னால் துடுப்புப் போட்ட அவர் மனைவி தெய்வநாயகி அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"கொக்குங்களா அது? நாரைன்னு சொன்னீங்களே?"

"நாரை வேற, கொக்கு வேற. கொக்கு பறக்கறப்பக் கழுத்த மடிச்சுக்கும். நாரை நீட்டிக்கிட்டே பறக்கும்."

கரகரத்த குரல். அவர் சொல்லி முடிப்பதற்குள் கொக்கு நிஜமாகவே கழுத்தை மடித்துக்கொண்டு பறந்துவிட்டது.

பக்கத்தில் தனிப் படகில் வந்த இலக்கியாவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. குமாரபாளையத்துக்குக் கீழே, கதவணையில் காவிரி தேங்கி நிற்கும் இந்த இடத்தில் கயாக் வாடகைக்கு விடுபவள் அவள். விசைத்தறிப் பட்டறை வைத்திருக்கும் குமரகுரு ஞாயிறு தவறாமல் வருவார். வந்ததும் ஒரு 'நல்லாருக்கியா கண்ணு', கிளம்பும்போது ஒரு 'வாரேன் கண்ணு'. அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வாங்க முடியாது. எத்தனையோ பறவைகளைப் படம் பிடித்துவிட்டார். குட்டிகளோடு நீர்நாய் மட்டும் இன்னும் சிக்கவில்லை.

இன்றைக்கு விட்டால் இனி சிக்கவும் சிக்காது. நாளைக்குச் சேலத்தில் அவருக்கு ஆபரேஷன்.

"சின்னதுதான் கண்ணு. ஆனா அதுக்கப்புறம் தண்ணியிலயே எறங்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டர்" என்று காலையில்தான் சொன்னார்.

நாணல் திட்டில் நீர்நாய் குட்டி போட்டிருப்பதை இலக்கியா பார்த்து வைத்திருந்தாள். அந்தப் படம் இன்றைக்கு அவருக்கு அமைந்துவிட வேண்டும் என்று அவளுக்கு அத்தனை ஆசை. இதுவரை ஒரு நாளும் ஆற்றுப் பக்கம் வராத இந்த அக்கா இன்றைக்கென்று கூட வந்து நிற்கிறாரே!

"அக்கா, பேச்சுச் சத்தம் கேட்டா நீர்நாய் வெளியவே வராதுங்க. கொஞ்ச நேரம் பேசாம வாங்க."

"சரி கண்ணு" என்ற தெய்வநாயகி, நாலு துடுப்புகூடப் போட்டிருக்க மாட்டார். "ஏனுங்க, அந்தப் பாறை மேல கருப்பா ஒண்ணு நிக்குதே, அது என்னங்க?"

"நீர்க்காகம். இப்பத்தானே சொன்னேன்?"

"மறந்துட்டேன். அது எதுக்குங்க றெக்கைய விரிச்சுட்டு நிக்குது?"

"முங்கி முங்கி மீன் புடிக்குமில்ல, றெக்கை நனைஞ்சு போயிரும். நீ மொட்டை மாடியில சேலை காயப் போடுற மாதிரி, அது றெக்கையக் காயப் போடுது."

தெய்வநாயகி வாய்விட்டுச் சிரித்தார். நீர்க்காகம் பறந்தது.

நாணல் திட்டு நெருங்கியது. குமரகுரு குரலைத் தாழ்த்தினார். "தெய்வா, இனிமே வாயே தொறக்க வேண்டாம். நம்ம பட்டறைக் கைச்சாடைதான். சரியா?"

தறி ஓடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேச்சுகூடக் காதில் விழாது. நூல் அறுந்தது, தறியை நிறுத்து, சாப்பிட வா, எல்லாமே அங்கே கையால்தான். குமரகுரு இடது கையைத் தூக்கி மெல்லக் கீழே அழுத்திக் காட்டினார்.

"என்னங்க கையக் கைய ஆட்டுறீங்க? எனக்கு ஒண்ணும் வெளங்கல. வாயத் தொறந்து சொல்லுங்க!"

குமரகுரு திரும்பி மனைவியைச் சிறிது நேரம் பார்த்தார். "மெதுவாப் போன்னு சொன்னேன்" என்றார்.

இலக்கியா பல்லைக் கடித்தாள். முப்பது வருஷம் அதே பட்டறையில் அவரோடு நின்று வேலை பார்த்தவருக்குக் கைச்சாடை விளங்கவில்லையாம்! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

அப்போதுதான் நாணலோரம் தண்ணீர் அசைந்தது. பழுப்பாக ஒரு தலை எழுந்தது. அதன் பின்னாலேயே சின்னச் சின்னதாக மூன்று தலைகள். குமரகுரு மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்.

"ஏனுங்க! அது என்னங்க அது?"

நான்கு தலைகளும் சட்டென்று திரும்பின. இப்போதாவது அழுத்தியிருக்கலாம். அவரோ கேமராவை மடியில் இறக்கிவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"நீர்நாய், தெய்வா. அம்மாவும் குட்டிகளும். குட்டிக்கு மொதல்ல தண்ணியக் கண்டாப் பயம். அம்மாதான் கவ்வி இழுத்துட்டுப் போயி நீச்சல் பழக்கும். நீ நம்ம யோகேஷ வாய்க்கால்ல தள்ளி உட்டியே, ஞாபகம் இருக்குதா? ஊரக் கூட்டிட்டானே, படவா!"

சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. நீர்நாய்கள் போன இடத்தில் குமிழிதான் மிச்சம்.

கரைக்கு வந்ததும் அவர் டீக்கடைப் பக்கம் நடந்தார். இலக்கியாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"ஏங்க்கா இப்படிப் பண்ணுனீங்க? கடைசி நாளுன்னு ஆசையா வந்தாரு. ஒரு படம் எடுக்க உட்டீங்களா?"

தெய்வநாயகி கோபப்படவில்லை. காலையில் இலக்கியாவே நனையாமல் இருக்க உறை கொடுத்து மார்பில் மாட்டிவிட்ட செல்போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டார். அதில் ஆறு இல்லை, பறவை இல்லை. குமரகுருவின் முதுகு மட்டும். 'நாரை வேற, கொக்கு வேற' என்று கரகரப்பாக அவர் குரல்.

"ஊட்டுல பேசச் சொன்னா, என்னத்தப் பேசறதும்பாரு. பறவையக் கேட்டாத்தான் வாய் தொறப்பாரு" என்றார் தெய்வநாயகி. கண் நிறைந்துவிட்டது. "கைச்சாடைக்கு இனி ஆயுசு பூரா இருக்குது கண்ணு. நாளைக்கு அவரு குரல்வளையத்தான் எடுக்கறாங்க."