கத்தரிக்கோல் இருந்த இடம்

"உங்க அப்பா வீட்டுல அதிகமா என்ன பேசுவாரு?"

அப்பாவின் ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு, பேச்சுப் பயிற்சி தரும் மேடம் என்னிடம் கேட்டார்.

எனக்கு ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேச வராது. நோட்டில் எழுதி நீட்டினேன்.

தண்ணி கொண்டா. ஃபேனைப் போடு. வலிக்குது. சாப்பாடு ரெடியா. சத்தம் போடாத.

"எல்லாம் அதட்டலாவே இருக்கே. கொஞ்சலா ஒண்ணும் இல்லையாம்மா?" என்று மேடம் சிரித்தார்.

இல்லை. அப்பா வெல்டர். பட்டறை இரைச்சலில் நாற்பது வருஷம் கத்திக் கத்திப் பேசியவர்.

குரல்வளையை எடுக்கப்போகிறார்கள் என்றதும், இருந்த குரலைப் போனில் பதிந்து வைத்துக்கொண்டோம். இருபத்தெட்டு வாக்கியம், இருபத்தெட்டு கட்டம். கட்டத்தைத் தொட்டால் அப்பா பேசுவார்.

அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். கட்டத்தில் எழுதியிருப்பதைப் படிக்கமாட்டார். இடம்தான் அடையாளம். கண்ணை மூடிக்கொண்டும் தொடுவார்.

அந்த ஆப்பில் ஒரு கத்தரிக்கோல் படம் இருந்தது. அதைத் தொட்டால் வாக்கியத்தைச் சொல் சொல்லாக வெட்டலாம். வெட்டியதை இன்னொன்றோடு ஒட்டலாம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

'சாப்பாடு ரெடியா'விலிருந்து சாப்பாட்டை வெட்டினேன். பார்க்க வருகிறவர்களுக்காகப் பதிந்த 'உடம்பு நல்லா இருக்கு' என்பதிலிருந்து உடம்பை எடுத்துவிட்டேன். இரண்டையும் ஒட்டினேன்.

சாப்பாடு நல்லா இருக்கு.

அம்மா சாகும்வரை கேட்காத வார்த்தை. அப்பா முதல் தடவை அதை அழுத்தியபோது நான் குழாயைத் திறந்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டேன்.

அப்படிப் பன்னிரண்டு சேர்த்தேன். மொத்தம் நாற்பது கட்டம்.

போன மாதம் அதில் ஒன்றை அக்காவுக்கு அனுப்பினேன். அப்பாவைக் கேட்கவில்லை.

அக்கா எட்டு வருஷத்துக்கு முன்னால் தனக்குப் பிடித்தவரோடு போனவள். அதற்குப் பிறகு இந்தப் படியை மிதித்ததில்லை. நான் அனுப்பியதைக் கேட்டதும் போன் செய்தாள்.

"அப்பாவேதான் கூப்பிட்டாராடி?"

"ம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்னாள்.

இன்று காலை ஒன்பதரைக்குப் போன் தன்னால் அணைந்து, தன்னால் எழுந்தது. ஆப் வேறு நிறத்தில் இருந்தது. மேம்படுத்தப்பட்டுள்ளது என்றது.

கத்தரிக்கோலைக் காணவில்லை.

நான் ஒட்டிய பன்னிரண்டும் இல்லை. மிச்சமிருந்த இருபத்தெட்டும் பெரிய பெரிய கட்டங்களாக, இடம் மாறித் திரையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

மூன்று கோடு, மூன்று புள்ளி, பல்சக்கரம், எதையும் நான் தொட்டுப் பார்க்காமல் விடவில்லை. பழையபடி ஆக்கு என்று எங்கேயும் இல்லை.

குறை எழுதும் பக்கத்தில் நூற்றுக்கணக்கான பேர் புலம்பிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி எழுதியிருந்தாள்: "மாமியார் வாயை மூடினாப் போதும்னு நெனச்சவதான் நான். அதுக்காக இப்படியா? கத்தரியைத் திருப்பிக் குடுங்கப்பா."

எல்லோருக்கும் கீழே ஒரே பதில். 'பயன்படுத்த எளிதாக இருக்கும்படி சில வசதிகளை நீக்கியுள்ளோம். உங்கள் கருத்துக்கு நன்றி.'

நானும் எழுதினேன். எனக்கும் நன்றி சொன்னார்கள்.

பதினோரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அப்பா வந்து கட்டிலில் உட்கார்ந்தார். தானே முகம் மழித்திருந்தார். கன்னத்தில் இரண்டு இடத்தில் ரத்தம் பொட்டு வைத்திருந்தது. துவைத்த சட்டை. கழுத்து ஓட்டையை மறைக்கச் சின்னத் துணி.

அக்கா வருகிறாள் என்று நேற்று நான் சுவரைப் பார்த்துச் சொன்னபோது அவர் தலையைக்கூட ஆட்டவில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. போனைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடினேன். நான் திறப்பதற்குள் அப்பா அதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

கட்டமெல்லாம் மாறிப்போச்சுப்பா என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அக்காவைப் பார்த்ததும் சுவரோரம் ஒதுங்கிவிட்டேன்.

அக்கா செருப்பைக் கழற்றாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவின் கழுத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா திரையைப் பார்க்கவேயில்லை. அவளையே பார்த்தபடி கட்டைவிரலை வலது பக்கக் கீழ் மூலைக்குக் கொண்டுபோய் அழுத்தினார்.

அந்த மூலையில் இன்று காலைவரை என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அவர் கைக்கு எட்டக் கூடாது என்று அதை அங்கே ஒளித்ததே நான்தான். எட்டிவிட்டது. நான் சமையலறைக்குப் போனதும், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, அது ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார்.

பெரியபாப்பா, வீட்டுக்கு வா.

இப்போது அங்கே இருந்தது இருபத்தெட்டாவது. என் நோட்டில் இல்லாதது. பதிந்து முடிக்கும்போது மேடம் "வேற ஏதாவது?" என்று கேட்க, அப்பா தானாகச் சொன்னது. அக்காவின் பெயரை நான் வெட்டி எடுத்தது அதிலிருந்துதான்.

"நான் செத்தாலும் பெரியபாப்பா இந்த வீட்டுக்கு வரக் கூடாது."

அப்பா திடுக்கிட்டுக் கீழே பார்த்தார். விரல் சரியாகப் படவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் அழுத்தித் தொட்டார். மறுபடியும் அதே. மறுபடியும்.

உண்மை தெரிந்து, குரலும் இருந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான்.

நான்காவது தடவை அது பேசிக்கொண்டிருக்கும்போதே, கொண்டுவந்த பையை அக்கா கதவோரம் வைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். படியிறங்கிப் போனாள்.