தட்டு காலியாக வரவேண்டும்

ஏழாம் நம்பர் அக்கா கயிற்றை இழுத்தாள்.

மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. பெல்ட் ஒரு குலுக்கலோடு நின்றது. பதினோரு மேசைகளிலும் கைகள் அப்படியே நின்றன.

லைன் சூப்பர்வைசர் வெடுக்கென்று திரும்பினார். நிறுத்துவதற்கு வேறு நாளே கிடைக்கவில்லையா இந்த அக்காவுக்கு?

அவர் பக்கத்தில் நின்றவர் எட்டு மருத்துவமனைகளுக்குச் சாமான் வாங்கும் கொள்முதல் அதிகாரி. மூச்சுத் திணறலுக்கு மருந்து தரும் நெபுலைசர் கருவிக்கான மூன்று வருட ஆர்டர் அவர் பேனா முனையில் இருந்தது. அது வராவிட்டால் அடுத்த மாதம் முதல் இரண்டாம் ஷிப்ட் கிடையாது. நாற்பது பேர் வீட்டில் உட்காரவேண்டியதுதான். அந்த நாற்பதில் ஏழாம் நம்பர் அக்காவும் ஒருத்தி.

அதிகாரியோ அரைமணி நேரமாகக் கொட்டாவியை அடக்கிக்கொண்டுதான் நடந்தார்.

சூப்பர்வைசர் சுவரிலிருந்த வரைபடங்களை ஒன்றுவிடாமல் காட்டினார். கிடங்கில் தேவைக்குமேல் ஒரு டப்பாகூடத் தேங்காது என்றார். ஆர்டர் வந்த ஒன்பதாம் நாள் சரக்கு உங்கள் வாசலில் நிற்கும் என்றார். தரத்தில் எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை என்றார்.

அதிகாரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இதே பேச்சை அந்த வாரத்தில் மூன்று தொழிற்சாலைகளில் கேட்டுப் புளித்துப்போன தலையாட்டல் அது.

ஏழாம் மேசைக்கு வந்தபோது சும்மா ஒரு தட்டைக் கிளறிப் பார்த்தார். போன் அடித்தது. ஓரமாகப் போய்ப் பேசினார். திரும்பி வந்தவர் கடிகாரத்தைப் பார்த்து, கிளம்பலாமா என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கயிறு.

"தட்டுல ஒரு வாஷர் குறையுது சார். வந்தப்போ எண்ணினேன், சரியா இருந்துச்சு."

ஒரு நெபுலைசருக்கு அந்த மேசையில் பூட்டவேண்டிய உதிரிகள் இருபத்துமூன்று. கிடங்கிலேயே எண்ணித் தட்டில் வைத்து அனுப்புவார்கள். பூட்டி முடிக்கும்போது தட்டு காலியாக இருக்கவேண்டும். மிஞ்சினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. சூப்பர்வைசரே எழுதி ஒட்டிய விதி அது.

அவர் இப்போது அந்தக் காகிதத்தின் பக்கமே திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தார்.

"டப்பால நூறு வாஷர் கிடக்கு. ஒண்ணை எடுத்துப் போட்டுட்டு ஓட்டுங்கக்கா."

"வேற போட்டா இந்த மிஷின் சரியாயிடும் சார். காணாமப் போனது எந்த மிஷினுக்குள்ள கிடக்குன்னு யாருக்குத் தெரியும்?"

சத்தமாகவே சொன்னாள். குரலில் நடுக்கம் துளிகூட இல்லை. மூச்சுத் திணறும் ஒரு குழந்தையின் முகத்தில் மாட்டியிருக்கும்போது, மோட்டாருக்குள் போன வாஷர் என்ன செய்யும் என்பதை அங்கே யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

சூப்பர்வைசர் பெட்டிகளைப் பிரிக்கச் சொன்னார்.

அந்தத் தட்டு தன் முறைக்காக வரிசையில் காத்திருந்த நேரத்தில் ஏழாம் மேசையைத் தாண்டிப் போன மிஷின்கள் நான்கு. நான்கையும் பெட்டியில் வைத்து ஒட்டியாயிற்று. நாடாவைக் கிழித்தார்கள். திருகுகளைக் கழற்றினார்கள். இன்னும் நாலு பேர் காந்தத்தைக் கட்டிய குச்சியோடு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தரையைத் துழாவினார்கள்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். நான்கு மோட்டாரிலும் இல்லை. சூப்பர்வைசர் முகத்தில் ஈயாடவில்லை. ஆர்டர் போயிற்று, ஷிப்ட் போயிற்று, இனி நாற்பது பேர் முகத்தில் எப்படி முழிப்பது என்று மனத்துக்குள் அழுதே விட்டார்.

அதிகாரி என்ன நினைக்கிறாரோ என்று பயந்து பயந்து திரும்பினார்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, மண்டியிட்டு மேசைக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார்.

பதினேழாவது நிமிடம் மூச்சு வாங்க எழுந்தார். முகம் துடைக்கக் கால்சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவினார்.

டிங்.

அவர் காலடியில் ஒரு வாஷர் சுழன்று படுத்தது.

யாரும் சிரிக்கவில்லை. அடக்கிக்கொள்ளப் பெரும்பாடு பட்டார்கள். அதிகாரி முகத்தில்தான் அசடு வழிந்தது. போன் வந்த அவசரத்தில் கையிலிருந்ததைப் பைக்குள் போட்டிருக்கிறேன் போல என்று முணுமுணுத்தார். வாஷரை அவரே எடுத்துக்கொண்டுபோய்த் தட்டில் வைத்தார்.

"நான் பார்த்த மத்த இடத்துல எல்லாம் டப்பால இருந்து ஒண்ணை எடுத்துப் போட்டிருப்பாங்கம்மா," என்றார் அவளிடம்.

மூன்று வருட ஆர்டரில் அங்கேயே, அந்த மேசையிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அவர் கார் கிளம்பியதும் சூப்பர்வைசர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஏழாம் மேசைக்கு ஓடினார். லைன் நின்றால் எத்தனை நிமிடம், என்ன காரணம் என்று எழுதவேண்டும். அவருக்கோ கால் தரையில் பாவவில்லை.

"உங்களுக்குக் கோயிலே கட்டலாம்க்கா. ஆனா அந்த வாஷர் கிடைக்காமலே போயிருந்தா என் கதி என்ன ஆயிருக்கும், சொல்லுங்க?"

அக்கா திருப்புளியைக் கீழே வைக்கவில்லை. யாரும் பக்கத்தில் இல்லாததால் அவள் பேச்சிலிருந்த 'சாரும்' போய்விட்டது.

"எங்க போகும் தம்பி? அவர் பையில போட்டதை நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். கிளம்பறேன்னு வேற நின்னாரு."

சூப்பர்வைசரின் பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. பிரித்துப் போட்ட நான்கு பெட்டிகளைப் பார்த்தார். கையெழுத்தான காகிதத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

பிறகு காரணம் என்ற கட்டத்தில், ஒரு வாஷர் குறைந்தது என்று எழுதினார்.

அக்கா காலித் தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.