பதினெட்டுக் கிராம்

அஸர் தொழுகை நேரத்துச் சாய்வெயில் கிணற்று வாளிக்குள் மஞ்சளாய் ஆடுகிறது. உயர்தர வகுப்பில் இரசாயனம் படிக்கும் ஜெஸீமா, உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீரை ஏந்தியபடி நிற்கிறாள். பதினெட்டுக் கிராம் இருக்கும், ஒரு மூல். இதற்குள் இருக்கும் மூலக்கூறுகளுக்குக் கல்முனைக் கடற்கரை மணலெல்லாம் ஈடாகாது என்று நினைக்க, அவளுக்குத் தலை இலேசாகச் சுற்றுகிறது. உள்ளே, கலியாணம் பேச வந்தவர்களின் தேத்தண்ணிக் கோப்பைகள் கிணுகிணுக்கின்றன. "இந்த மாசமே முடிப்பம், காக்கா. இனிப் படிச்சு என்னத்துக்கு?" என்று வாப்பாவிடம் சொல்கிறது ஒரு குரல். வாப்பா செருமுகிறார். "புள்ள சோதின எழுதட்டும். அதுக்குப் பொறகு கதைப்பம்." கடல் இரைகிறது. எப்போது கை விரிந்தது, எப்போது தண்ணீர் வழிந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. உம்மா பின்கதவால் தலையை நீட்டுகிறாள். "முக்காட்ட இழுத்து உடு புள்ள. நீ சிரிக்கிறது அங்கால தெரியுது."