சட்டையில் மல்பெரிக் கறை

கன்னத்தில் விழுந்த முதல் அறையில் தர்மனின் வாயிலிருந்து சிவப்பாக வழிந்தது வெறும் மல்பெரிச் சாறு. இரண்டாவது அறையில்தான் ரத்தம் வந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் ஸ்ரீதர் கையை உதறிக்கொண்டு, குடிசைத் தரையில் இருந்த கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஏப்ரல் மாதத்தில் மல்பெரியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக அவரால் முடியாது, கொலைக் கேஸாகவே இருந்தாலும்.

நகரத்துக்கு நடுவிலிருக்கும் ரிட்ஜ் காட்டில், மல்பெரி மரத்தடியில், ஒரு கட்டட சூப்பர்வைசர் வெட்டுப்பட்டுக் கிடந்தான். கழுத்திலும் தோளிலும் ஏழு வெட்டு. தர்மனின் மனைவி ஆராயி அவனிடம்தான் சித்தாளாக வேலை பார்த்தாள். போன வாரம் தர்மன் சைட்டுக்கே போய், "என் பொண்டாட்டிகிட்ட வாலாட்டாதே" என்று அவன் சட்டையைப் பிடித்திருக்கிறான். இதைவிட என்ன வேண்டும்?

"நேத்து சாயங்காலம் எங்கடா இருந்த?"

"பங்களாவுல சார். மோதி பாக்ல தோட்ட வேலை. இந்தப் பழம்கூட அந்தத் தோட்டத்துல பறிச்சதுதான்."

ஸ்ரீதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மோதி பாக் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர் அவர். அந்தத் தோட்டத்து மல்பெரிகள் விரல் நீளம் இருக்கும், வெளுத்த பச்சை நிறம், தின்றால் சர்க்கரைத் தண்ணீர். இதுவோ குட்டை, கறுப்பு, இனிப்புக்கு நடுவில் சுரீரென்று ஒரு புளிப்பு. உண்மையைச் சொன்னால் இதுதான் ருசி.

"யார்கிட்டடா கதை விடற? இது காட்டுப் பழம். ரிட்ஜ்ல பறிச்சது."

பூட்ஸ் கால் தர்மனின் அடிவயிற்றில் இறங்கியது. அவன் சத்தம்கூடப் போட முடியாமல் மடங்கி விழுந்தான்.

மூலையில் சுருட்டிக் கிடந்த கட்டம் போட்ட முழுக்கைச் சட்டையைக் கான்ஸ்டபிள் லத்தியால் தூக்கிக் காட்டினான். கையிலும் மார்பிலும் திட்டுத் திட்டாகச் சிவப்பு. காலரின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது.

"வெட்டிட்டு வந்து பொண்டாட்டியோட கொஞ்சலா?" என்றார் ஸ்ரீதர். "யாருதுடா சட்டை?"

ஆராயி வாயைத் திறந்தாள். தர்மன் தரையில் கிடந்தபடியே அவளை ஒரு முறை முறைத்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"என்துதான் சார்" என்றான் தர்மன்.

பெண்டாட்டியைக் கண்ணாலேயே மிரட்டுகிற ஆட்களைக் கண்டால் ஸ்ரீதருக்கு ஆகாது. அதற்காகத் தனியாக முட்டியில் ஓர் அடி கொடுத்தார்.

"பழக்கறை சார் அது" என்றாள் ஆராயி.

"அச்சா! பாத்துடலாமா?"

பழுத்த மல்பெரியின் கறையைக் காய் மல்பெரி எடுத்துவிடும். மரம் ஏறிவிட்டு, அம்மா பார்ப்பதற்குள் பள்ளிக்கூடச் சட்டையை அப்படித்தான் சுத்தம் செய்வார் அந்தக் கால ஸ்ரீதர். கூடையில் இலையோடு கலந்து கிடந்த நாலைந்து காய்களைப் பொறுக்கி நசுக்கி, சட்டைக் கையில் தேய்த்தார். சொம்புத் தண்ணீரை ஊற்றினார். சிவப்பு வெளுத்துக் கரைந்து போனது.

ஆராயி மூச்சு விட்டாள்.

அடுத்து மார்புப் பக்கம் தேய்த்தார். இன்னும் நாலு காய்களை நசுக்கித் தேய்த்தார். கறை போகவில்லை. பழுப்பேறி அப்படியே நின்றது.

"இது எந்த மரத்துப் பழம்டா?" என்று மெதுவாகக் கேட்டார் ஸ்ரீதர்.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. லத்தி முதுகில் விழுந்தது, தோளில் விழுந்தது, தடுக்க வந்த கையில் விழுந்தது. முழங்கைக்குக் கீழே ஏதோ முறிகிற சத்தம் கான்ஸ்டபிளுக்கே கேட்டது. கூடை உருண்டு, பழங்கள் பூட்ஸ் அடியில் நசுங்கின. தரையில் எது சாறு, எது ரத்தம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"நாந்தான் சார்!" என்று அலறினான் தர்மன். "நான் ஒருத்தன்தான் வெட்டுனேன். எழுதிக்கோங்க!"

அரை மணி நேரத்தில் கேஸ் முடிந்தது. ஸ்ரீதருக்கு மனசு நிறைந்துவிட்டது. நசுங்காமல் தப்பிய பழங்களில் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, சட்டையைத் தர்மன் மேல் வீசினார்.

"போட்டுக்கிட்டு நட. போட்டோ எடுக்கணும்."

தர்மனால் கையைத் தூக்க முடியவில்லை. ஆராயி குனிந்து சட்டையை எடுத்தாள். புருஷனுக்கு மாட்டிவிடப் போகிறாள் என்று ஸ்ரீதர் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டார்.

அவள் தன் கையை அதில் நுழைத்தாள். சேலைக்கு மேலேயே மாட்டி, குனிந்து பார்க்காமல் பொத்தான் போட்டு, கண்ணாடி வளையலுக்கு மேல் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

"ஏய், வேணாம்டி!" தர்மன் தவழ்ந்து வந்து அவள் காலைப் பிடித்தான்.

"உன்னைச் சாவடிச்சிடுவாங்கய்யா" என்றாள் ஆராயி. பிறகு ஸ்ரீதரைப் பார்த்தாள். "சைட்டுக்குப் போனாலும் பழம் பறிக்கப் போனாலும் இதைத்தான் சார் போட்டுக்குவேன். அந்தாளு காட்டுக்குள்ள என் பின்னாடியே வந்தான்."

சேலை மேல் ஆம்பளைச் சட்டையோடு கல் சுமக்கிற பெண்களை ஸ்ரீதர் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். வாயில் இருந்த பழத்தை அவரால் விழுங்க முடியவில்லை.

"நட சார், போட்டோ எடுக்கலாம்" என்றாள் ஆராயி.