எரியோட்டு மனு

"சாமி, ஊரே சேந்து பிஷப்புக்கு மனு எழுதிட்டாக. ஆப்பிரிக்காவுக்கு அனுப்பக் கூடாதாம்."

உபதேசியார் கஸ்பார் வாசலில் நின்றபடியே சொன்னார். எரியோடு பங்குச் சாமியார் ராயப்பராஜ் பெட்டியில் மடித்து வைக்கப்போன அங்கியைக் கட்டிலில் போட்டார்.

ஆப்பிரிக்காவின் தாங்கனீக்காவில், ரயில் போகாத உள்காட்டில், ஒரு மிஷன். கிணறு வெட்ட வேண்டும், பள்ளிக்கூடம் கட்ட வேண்டும். பன்னிரண்டு வருஷம் கேட்டுக் கேட்டு, 1958-இல்தான் அவருக்கு அனுமதி கிடைத்தது. இன்னும் பத்து நாளில் பம்பாயில் கப்பல். மனுவைப் பார்த்து பிஷப் மனம் மாறினால் எல்லாம் போச்சு.

"எத்தனை பேரு?"

"முந்நூத்திப் பன்னெண்டு. பாதிக்கு மேல கைநாட்டு."

"இம்புட்டுப் பேரா!" சாமியார் கஸ்பாரின் பக்கம் வந்தார். "செபஸ்தியம்மாளுமா? போன வாரம்கூட என் பிரசங்கத்துல குறட்டை விட்டுச்சே."

"அந்தம்மாதான் மொதக் கைநாட்டு."

"கிணத்துத் தகராறுல மூஞ்சி பாக்காம இருந்தாகளே, முத்துச்சாமியும் மாயக்காளும்?"

"அடுத்தடுத்து நின்னு வச்சாக சாமி."

"நான் நாலு தடவ பஞ்சாயத்துப் பேசியும் சேராதவுக! நான் போறேன்னதும் சேந்துட்டாகளே!"

கஸ்பார் தலையைச் சொறிந்தார். "திண்டுக்கல் தோல் ஷாப்பு கையூம் பாயி கூட சைக்கிள்ல வந்து போட்டுட்டுப் போனாரு."

"பாயுமா!" சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவரு நம்ம கோயில் வாசலக்கூட மிதிச்சதில்லையேய்யா!"

பொம்மையன் எட்டிப் பார்த்தான். கோயில் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் இன்ஜினை ஓட்டுகிறவன். சாமியாரோடு கப்பலேறப் போகிறவன். முழங்கை வரை கிரீஸ்.

"சாமி, ஸ்பேனரை உங்க பெட்டியில போடவா, எம் பெட்டியிலயா?"

"எதுலயாச்சும் போடு அப்பு. இங்க முக்கியமான விஷயம் ஓடிக்கிட்டிருக்கு."

அவன் திரும்புவதற்குள், வெளியே காத்திருந்த யாரோ ஒருவர் அவனைத் தோட்டத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

சாமியார் மேசை முன் உட்கார்ந்து காகிதத்தை எடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை நானே பேசுறேன். அழாதீங்க, அஞ்சு வருஷம் கண்ண மூடி முழிக்கிறதுக்குள்ள ஓடிரும்னு சொல்றேன்."

"அழுவாகளான்னு தெரியல சாமி..."

"ஜனங்க மனசு உமக்குப் புரியாதுய்யா. நானே இம்புட்டு நாளாப் புரிஞ்சுக்கிடல. மனுவுக்கு நகல் வச்சிருப்பீரே, அதக் குடும்."

கஸ்பார் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார். "வேணாம் சாமி. நீங்க தாங்க மாட்டீக."

"தாங்குவேன். குடும்."

கஸ்பாரின் குண்டு குண்டான கையெழுத்து. சாமியார் ஈரக் கண்ணோடு படித்தார்.

'எண்ணெய் இன்ஜின் ரிப்பேர் பார்க்க இந்த வட்டாரத்திலேயே பொம்மையன் ஒருவன்தான் உண்டு. அவன் போய்விட்டால் எங்கள் தோட்டமெல்லாம் காய்ந்துபோகும், தோல் ஷாப்பு இன்ஜினும் நின்றுபோகும். ஆகையால் அவனை மட்டும் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பாமல் நிறுத்திவைக்கும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம். சாமியார் அவர்கள் போவதில் எங்களுக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை.'