மணலில் தேடியது

முட்டிபோட்டு மணலை அளைந்துகொண்டிருந்தான் அவன். தலைக்கவசம் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. பந்தயத் தடத்தின் வளைவுக்கு வெளியே மூன்று சக்கரத்தோடு சாய்ந்து நின்ற தன் காரை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன சார் தேடறீங்க?" என்று கேட்டார் தடத்தின் அதிகாரி.

"வண்டிச் சாவி."

"சாவி இல்லாமலா இந்த வேகத்துல வந்தீங்க?"

அவன் இன்னும் ஆழமாக மணலைத் தோண்டினான். தேடியது சாவியை அல்ல, ஒரு ஸ்பேசரை. சின்னத் தட்டு அகலத்தில் அலுமினிய வளையம். அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அதை வைத்தால் சக்கரம் ஒரு விரற்கடை வெளியே தள்ளி நிற்கும்; வளைவுகளில் கார் தடுமாறாது என்று நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். யார் கண்ணிலும் படுவதற்கு முன் அதை எடுத்து ஒளித்துவிட வேண்டும்.

எவ்வளவு அளைந்தும் அது கிடைக்கவில்லை.

அவனுடைய காரைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக், அவன் மனைவியின் அண்ணன். ஸ்பேசர் போடலாமா என்று போன வாரம் கேட்டபோது மச்சான் சிரித்தார். "வேணாம் மாப்ளே. சக்கரம் அது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். நீங்க பிரேக்கை ஒழுங்கா மிதிங்க, போதும்."

அந்தச் சிரிப்பு அவனை உறுத்திக்கொண்டே இருந்தது.

இன்று காலை தடத்தின் ஓரக் கொட்டகையில், மச்சான் பெட்ரோல் வாங்கிவரப் போன நேரத்தில் பின்சக்கரங்கள் இரண்டையும் கழற்றி, அவனே ஸ்பேசர்களை மாட்டிவிட்டான். கடைக்காரர் அவற்றோடு கொடுத்த நீளமான போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கினான்.

பக்கத்தில் நாற்காலியில் இருந்த மனைவி, "அண்ணன் வேணாம்னு சொன்னாரே..." என்று இழுத்தாள்.

"உங்கண்ணன் ஒரு பயந்தாங்கொள்ளி. நீ வாயைத் திறக்காதே."

கழற்றிய பழைய போல்ட்டுகளைச் சட்டைப்பையில் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஓட்டுநர்கள் கூட்டத்துக்குப் போனான். கூட்டம் முடிந்து ஓடிவந்து, நேராக ஏறி உட்கார்ந்தான். முதல் சுற்றிலேயே அவனுடைய பின்சக்கரம் அவனை முந்திக்கொண்டு ஓடியது.

உயிர் பிழைத்ததுகூட அப்போது உறைக்கவில்லை. ஓடிவந்த கூட்டத்தின் நடுவில் மச்சானின் முகம் தெரிந்ததும், "சக்கரத்தை முடுக்கினது இவன்தான்!" என்று கத்திவிட்டான். இத்தனை வருஷமாக மச்சான் என்று கூப்பிட்டவரை 'இவன்' என்று சொன்னது அவன் காதிலேயே விழுந்தது.

மச்சான் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார். "நேத்து நல்லாத்தானே முடுக்கினேன்..."

"இனிமே நீங்க இந்த கேட்டுக்குள்ள வரக்கூடாது" என்றார் அதிகாரி மச்சானிடம். இந்த கேட்டுக்குள் நிற்கும் கார்கள்தான் மச்சானுக்குச் சோறு.

இழுவை வண்டி காரைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து போட்டது. அவன் வெறுங்கையோடு பின்னால் நடந்தான்.

மனைவி அதே நாற்காலியில் இருந்தாள். தொய்ந்து தொங்கிய கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்திருந்தாள். உண்மை தெரிந்த ஒரே ஆள். அண்ணனுக்கு வந்த அவமானத்தைப் பார்த்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. அவளைப் பார்க்க அவனுக்குக் கூசியது.

அவளும் மெக்கானிக் வீட்டுப் பெண்தான். கல்யாணமான புதிதில் நடுவழியில் டயர் பஞ்சரானபோது கொட்டும் மழையில் சக்கரத்தை மாற்றியவள் அவள். அவன் குடை பிடித்தான். "மாப்ளே குடை பிடிக்கிறதுல கெட்டிக்காரர்" என்று மச்சான் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

இப்போது மச்சான் சிரிக்கவில்லை. மணலில் கிடந்த ஒரு போல்ட்டை எடுத்து வந்து உள்ளங்கையில் வைத்து உருட்டினார்.

"மாப்ளே, இது நான் போட்ட போல்ட் இல்லையே. இவ்ளோ நீளமா நம்மகிட்ட ஏது?"

வெளியே வேறு கார்கள் சீறிப் போய்க்கொண்டிருந்தன.

"நான்தான் மச்சான்" என்றான் அவன். "நீங்க இல்லாதப்ப ஸ்பேசர் போட்டேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. இப்பவே போய் அதிகாரிகிட்ட சொல்லிடறேன். என்னை மன்னிச்சிடுங்க."

திட்டுவார் என்று காத்திருந்தான். ஒரு அறை விட்டால்கூட நிம்மதியாக இருக்கும் போலிருந்தது. மச்சானோ இன்னும் போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்பேசரோட போட்டிருந்தா இந்த போல்ட்டு சரிதான் மாப்ளே. சக்கரம் கழண்டிருக்காது. ஸ்பேசர் இல்லாம இதைப் போட்டாத்தான் வம்பு. நீளம் அதிகமாகி உள்ள போய் முட்டிக்கும். கைக்கு இறுகின மாதிரியே இருக்கும், ஆனா சக்கரத்தைப் பிடிக்காது."

"போட்டேன் மச்சான். ரெண்டு பக்கமும் போட்டேன். அதைத்தான் இவ்வளவு நேரமா மணல்ல தேடினேன்."

மச்சான் காரின் மறுபக்கம் போய், கழலாமல் நின்ற பின்சக்கரத்தின் அருகே குனிந்து பார்த்தார். மெல்ல நிமிர்ந்தார்.

"இந்தப் பக்கமும் இல்லையே மாப்ளே."

நாற்காலி கிறீச்சிட்டது. அவன் மனைவி எழுந்து வந்து கைப்பையைத் திறந்தாள். நகக்கண்களில் கிரீஸ் கறுத்திருந்த விரல்களால் இரண்டு வளையங்களை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதாங்க கழட்டினேன்."