முதல் ரேங்க்காரியின் அம்மா

கடைசி பெஞ்சிலிருந்துதான் பெயரைத் தேட ஆரம்பித்தேன்.

இந்தப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் பிள்ளையின் இடத்தில்தான் பெற்றவர்கள் உட்கார வேண்டும். ஒவ்வொரு பரீட்சைக்குப் பிறகும் ரேங்க் வரிசைப்படி மேசையில் பெயர் ஒட்டிவிடுவார்கள். முதல் ரேங்க் முதல் பெஞ்சில். என் மகள் ஒன்பதாம் வகுப்பு. போன பரீட்சையில் முப்பத்துநாலு பேரில் இருபத்தொன்பதாவது.

அது வீட்டில் எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இந்தத் தடவை எத்தனையாவது என்று எனக்கே தெரியாது. கூட்டத்தில் தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

எல்லாம் என் வாய் செய்த வேலை.

மாமியாரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். நாத்தனார் தன் மகன் நாலாவது ரேங்க் என்று கட்டிலைச் சுற்றி நின்ற சொந்தபந்தம் அத்தனைக்கும் சொல்லி முடித்துவிட்டு, உங்க பொண்ணு எத்தனையாவது அண்ணி என்று கேட்டாள். அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. மாமியார்கூட மூச்சுத்திணறலை நிறுத்தி வைத்துவிட்டுப் பார்த்தார்.

நாக்கில் சனி. முதல் ரேங்க் என்று சொல்லிவிட்டேன்.

மகள் பக்கத்தில்தான் நின்றாள். என் கணவர் அதை நம்பி மறுநாள் ஆபீஸில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அவ்வளவு நல்ல பள்ளியா, என் பையனையும் அங்கேயே போடுகிறேன், அடுத்த கூட்டத்துக்கு நானும் வந்து பார்க்கிறேன் என்று நாத்தனார் கிளம்பிவிட்டாள். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மகளிடம் அத்தை வரப்போவதைச் சொன்னேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

இன்று நாத்தனார் நல்ல புடவை கட்டிக்கொண்டு என்னோடு வந்திருந்தாள். பரீட்சை சமயத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட, வழி நெடுக மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். நானே கேட்டாலும் நம்ப மாட்டேன்.

கடைசி பெஞ்சில் ஒருவர், மகனின் பெயர் தெரியாதபடி ஹெல்மெட்டை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கே பெற்றோர் யாரும் யாரோடும் பேசவில்லை. எல்லோரும் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒரே சிரிப்பும் பேச்சும்.

கடைசியில் இல்லை. அதற்கு முன் பெஞ்சில் இல்லை. அதற்கும் முன்னால் இல்லை. பெயரையே எடுத்துவிட்டார்களோ என்று நினைத்தேன்.

"அண்ணி, அங்க போய் எதுக்குத் தேடுறீங்க? இங்கதானே இருக்கு."

நாத்தனார் முதல் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டாள்.

போனேன். முதல் பெஞ்ச், முதல் இடம். கொட்டை எழுத்தில் என் மகளின் பெயர்.

என் வயிற்றில் யாரோ பாலை வார்த்தார்கள். உட்காரும்போது அழுகையே வந்துவிட்டது. பிழைத்தேன் என்று மட்டும்தான் நினைத்தேன். பிள்ளை எப்படிப் படித்தாள், எப்போது படித்தாள் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

வகுப்பு ஆசிரியை என் மகளை, பிள்ளைகள் எல்லாம் நின்ற சுவரோரத்திலிருந்து முன்னால் கூப்பிட்டு நிறுத்தி எல்லோரையும் கைதட்டச் சொன்னார். இருபத்தொன்பதிலிருந்து ஒன்றுக்கு ஒரே தாவலில் வந்த பிள்ளையை இந்தப் பள்ளி பார்த்ததில்லை என்றார். நல்லவேளை, நாத்தனார் அப்போது வாசலுக்குப் போய்ப் போனில் தன் மகனிடம் பேசிக்கொண்டிருந்தாள். கணக்கில் கடைசிக் கேள்வி புத்தகத்திலேயே இல்லாதது, வேண்டுமென்றே கஷ்டமாகப் போட்டது, ஒரு குழாய் நிரப்பும்போது இன்னொரு குழாய் காலி செய்யும் தண்ணீர்த் தொட்டி, அதைச் சரியாகப் போட்டது இவள் ஒருத்திதான் என்றார்.

நானும் கைதட்டிக்கொண்டிருந்தேன். தொட்டி என்று காதில் விழுந்ததும் கை நின்றுவிட்டது.

அந்தத் தொட்டியை நான் பார்த்திருக்கிறேன்.

மெஷினில் தாள் சிக்கி, தொட்டியின் படம் பாதியாகக் கறுத்து வந்தது. கெட்டுப்போன தாள் ஏழெட்டு இருக்கும். இந்தப் பள்ளியின் கேள்வித்தாள்கள் அச்சாவது நான் வேலை பார்க்கும் கடையில். அடிப்பது நான்தான். கெட்டுப்போனதை அங்கேயே கிழித்துப்போட வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. எட்டு வருஷத்தில் ஒரு தாள் வெளியே போனதில்லை.

அன்றைக்குக் கிழிக்கப் போகும்போது கல்யாணப் பத்திரிகை அடிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். கூடையில் போட்டுவிட்டு எழுந்தேன். பள்ளி விட்டதும் தினமும் வருவதுபோல மகள் வந்து, கூடைக்குப் பக்கத்தில் தாள்கட்டின்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் பூராவும் அப்படித்தான், நான் கிழிக்காமல் கூடையில் போட்டதும், அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும். ஐந்து பாடங்களுக்கும் அந்த வாரம்தான் அடித்தோம்.

தெரிந்தால் வேலை போகும். அது போனால் போகட்டும். இவளைப் பள்ளியை விட்டே துரத்துவார்கள், இத்தனை பேர் முன்னால், கைதட்டிய இவர்களே காறித் துப்புவார்கள். நாத்தனார் திரும்பி வந்து என் தோளைத் தட்டி, இனிமேல் என் பையனுக்கும் உங்க பொண்ணுதான் டியூஷன் என்று சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் சிரித்தேன்.

பிள்ளைகள் பெற்றோரிடம் போகலாம் என்றார்கள். மகள் வந்து என் பக்கத்தில் ஒண்டிக்கொண்டாள். முதல் ரேங்க் வாங்கிய முகமாக அது இல்லை. அடி வாங்கக் காத்திருக்கும் முகம். கையைப் பிடித்தேன், சில்லிட்டிருந்தது. திட்ட வேண்டுமா கட்டிக்கொள்ள வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அவள்தான் என் காதோரம் குனிந்தாள்.

"அம்மா, அடுத்த பரீட்சைக்கும் உங்க கடைலதானே அடிப்பாங்க?"